யானைக்காது அவரை

ஏப்ரல் 24, வியாழன்

கடைசியில் வந்தே விட்டது. காலையில் தபால் பையைப் பிரித்துக் கொட்டியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் காக்கி உறைதான். திருப்பத்தூர் முத்திரை. பெறுநர்: கனகமணி, கிளை அஞ்சல் அலுவலகம். ஊருக்கெல்லாம் முத்திரை குத்துகிறவளுக்குத் தன் பேருக்கு ஒரு தபால் வந்தால் கை என்னமோ பண்ணுகிறது. குத்து கோணலாக விழுந்துவிட்டது.

தபால் கொண்டுபோகிற மாரப்பன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க்கா, உங்களுக்கே தபாலா? வேணும்னா ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கட்டுங்களா?"

"நீ மொதல்ல வாய்க்கா மேட்டு ரிஜிஸ்டர் தபாலக் கொண்டுபோய்க் குடு. போ."

உள்ளே அவரை விதை. ஒரு கைப்பிடி இருக்கும். காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. யானைக்காது அவரை என்று பேராம். காய் உள்ளங்கை அகலம் வருமாம். பார்த்தால்தான் நம்புவேன்.

அனுப்பியவர் தணிகாசலம். பங்குனியில் ஈரோட்டில் நடந்த விதைத் திருவிழாவில் பார்த்த ஆள். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம், இப்போது திருப்பத்தூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு அவரை, மொச்சை என்று விதை சேர்க்கிறார். அவர் கூடைக்குள் சும்மா கையை விட்டேன். "ஈரக் கையாங்க அது? எடுங்க மொதல்ல!" என்று அத்தனை பேருக்கு முன்னால் அதட்டினார். நானும் விடவில்லை. "வைரத்துலயா கை வெச்சுட்டேன்?" என்றேன். அப்புறம் சிரித்தார். யானைக்காது தீர்ந்துவிட்டது, விலாசம் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றார்.

விதை சேர்க்கிற இவர்கள் கூட்டத்தில் விதையை விற்கமாட்டார்களாம். சும்மா கொடுப்பார்கள். ஆனால் வாங்கியதற்கு இரண்டு மடங்காக, விளைந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் யாருக்கும் பாக்கி வைக்கிறவள் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. "ஆடி வரை டப்பாவில் வைக்கவும். இப்போது போட வேண்டாம்." வேண்டாமாம். கட்டளை! வீட்டுக்குப் பின்னால் என் பொடக்காளியில் நான் எப்போது எதை நடுவது என்று திருப்பத்தூரிலிருந்து உத்தரவு வர வேண்டுமாக்கும்.

காலையில் குளித்ததும் பாதி விதையைச் சொம்பில் ஊறப் போட்டுவிட்டேன். அதிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே இந்த வீடு எனக்கு ஆகாது. வேலை நாளில் நாலு பேர் வருவார்கள், திட்டலாம். எங்கள் வீட்டுக்காரர் தவறியதிலிருந்தே ஞாயிறு இப்படித்தான். மகன் கிருபா பெங்களூரில் இருந்து சாயங்காலம் கூப்பிடுவான். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்." "மாத்திர போட்டியா?" "போட்டேன்." அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 29, செவ்வாய்

விதை அழுகிவிட்டது. சொம்பைத் திறந்தால் ஒரே நுரை, நாற்றம்.

வேறு வழியில்லாமல் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். யாரைக் கேட்பது பின்னே?

"எத்தினி நாழி ஊற வெச்சீங்க மேடம்?"

"ஞாயித்துக்கெழம காலைல போட்டனுங்க."

"இன்னிக்கி செவ்வாக்கெழம! ஊற வெச்சீங்களா, ஊறுகா போட்டீங்களா?"

சிரிக்கிறார். நான் வைத்துவிடப் போனேன். உடனே குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். ஓர் இரவு ஊறினால் போதுமாம். அப்புறம் ஈரத் துணியில் முடிந்து, மூச்சு விடுகிற மாதிரி வைக்க வேண்டுமாம். கடைசியில் மறுபடி அதே பாட்டு. "ஆனா இப்ப வேணாம். வெயில்ல போட்டா கொடி ஓடும், பூ புடிக்காது. பனி வந்தாத்தாங்க அவரைக்குப் பூ. அவசரப்பட்டு ஒண்ணும் ஆவாது."

அவசரமாம். எனக்கென்ன அவசரம்?

மே 3, சனி

முளைத்துவிட்டது! மிச்சத்தில் பாதியைத் துணியில் முடிந்து சோற்று டிபனுக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு அவிழ்த்தால், கோட்டு ஓரத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு வேர். சின்னப் பிள்ளைக்கு முதல் பல் வந்த மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேனே, பார்க்கட்டும் என்றுதான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு கட்டைவிரல். எழுதினால் கை தேய்ந்துவிடுமோ என்னவோ.

மே 9, வெள்ளி

மயில்! நாசமாய்ப் போன மயில். இரண்டிலை விட்டு நின்ற நாற்றையெல்லாம் ஒன்று விடாமல் கொத்தித் தின்றுவிட்டுச் சுவரேறி நின்று என்னையே பார்க்கிறது. விளக்குமாற்றை வீசினேன். தோகையைச் சிலுப்பிக்கொண்டு மெதுவாக நடந்துபோகிறது. மகாராணி!

மீதி இருந்த கொஞ்சத்தையும் இப்போதே ஊறப் போட்டுவிட்டேன். ஆடியும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம்.

மே 20, செவ்வாய்

கடைசியாகப் போட்டதில் சிலது முளைக்கவில்லை, சிலதை நத்தை தின்றது. ஒன்றே ஒன்றுதான் தப்பியிருக்கிறது. அதன் மேல் கோழிக் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் கல்லையும் வைத்திருக்கிறேன்.

தணிகாசலத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒண்ணு இருக்குதில்ல? போதுங்க போஸ்ட்டம்மா. ஒத்தக் கொடி பந்தலையே மூடும்" என்றார். மேடம் போய்ப் போஸ்ட்டம்மா ஆகியிருக்கிறேன். என்ன பேரோ இது.

ஜூன் 15, ஞாயிறு

கிருபா போன் செய்தான். மருமகள் அனு முழுகாமல் இருக்கிறாளாம். தை மாசம் பிரசவம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்க்க, பத்தியம் வைக்க நான்தான் போக வேண்டும். போகாமல் என்ன?

அதோடு விட்டிருந்தால் சரி. "வந்து போறதெல்லாம் வேண்டாம்மா. வேலையை எழுதிக் குடுத்துட்டு ஒரேயடியா வந்துரு. அனு ஆபீஸ் போகணும்ல? வீட்ட வாடகைக்கு விட்டுரலாம். நீ அங்க தனியா என்ன பண்ணப்போற?"

சரி என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான். வேறென்ன சொல்ல முடியும்?

அப்புறம் பொடக்காளிக்குப் போய்க் கூடையை எடுத்துப் பார்த்தேன். அவரை ஒரு முழம் வந்துவிட்டது. பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, நூலால் இழுத்துக் கட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்தாயிற்று. ஊரில் எல்லாரும் இப்போதுதான் அவரை போடுகிறார்கள். என்னுடையதோ மாரப்பன் போட்டுக்கொடுத்த பந்தலில் ஏறிப் பாதியை மூடிவிட்டது. பெருமையாகப் படம் அனுப்பினேன்.

போன் வந்தது. "எலை நல்லாத்தாங்க கீது. பூ?"

"பூக்கும்."

"எனக்குச் சொல்றீங்களா, உங்களுக்கே சொல்லிக்கிறீங்களா?"

வாயைப் பார்! ஆனால் ஒரு மாசமாகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் கூப்பிடுகிறார். கொடியைப் பற்றித்தான் பேச்சு. செடிப்பேன் பிடித்ததா, நுனி கிள்ளினீர்களா, சாம்பல் தூவினீர்களா. நடுநடுவே லாரியில் போன ஊர்க் கதை. நாக்பூர் பக்கம் மழையில் மாட்டி மூன்று நாள் ஆரஞ்சுப் பழமாகவே தின்றாராம். கிருபா கூப்பிட்டபோது லைன் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டான். யாரோடு இவ்வளவு நேரம் என்று கேட்டான். அவரைக்காய் விஷயம் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

பூ இல்லை.

செப்டம்பர் 13, சனி

இன்னமும் பூ இல்லை. பந்தல் நிரம்பி வழிந்து, சுவரைத் தாண்டி, துணி காயப் போடுகிற கம்பியையும் பிடித்துவிட்டது. இலை, இலை, இலை. என்னடி உனக்கு, என்ன குறை வைத்தேன் என்று பந்தலடியில் நின்று கேட்டேவிட்டேன். பக்கத்து வீட்டில் சிரிக்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

மாரப்பன் சொல்கிறான்: "புடுங்கிப்போட்டு வேற போடுங்க்கா. இது வெறும் தழதான்."

"உன்னப் புடுங்கிப்போடுவேன்" என்றேன்.

கிருபா வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டானாம். அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிற குடும்பம். தை பிறந்ததும் வருகிறார்கள். "பந்தலெல்லாம் பிரிச்சுருவாங்க, வண்டி நிறுத்தணுமாம், பரவால்லயாம்மா?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

போன ஞாயிறும் கூப்பிடவில்லை, இன்றைக்கும் இல்லை. போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கெட்டுப்போயிருக்குமோ என்று மாரப்பனை விட்டு எனக்கு ஒரு தடவை போன் போடச் சொன்னேன். நன்றாகத்தான் அடிக்கிறது.

சரி, கொடியில் பேன் பிடித்திருக்கிறதே, கேட்க வேண்டாமா என்று நானே போட்டேன். ஒரு பொம்பளை எடுத்தாள். "ஆரு?"

வைத்துவிட்டேன்.

யார் எடுத்தால் எனக்கென்ன? வீடு என்று இருந்தால் பெண்டு பிள்ளைகள் இருக்கத்தான் இருப்பார்கள். நானாக எதையாவது நினைத்துக்கொண்டேனா என்ன? சாம்பலைக் கொட்டிப் பேனை ஒழித்தேன். கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டேன். கொடி பூராவும் விபூதி பூசினது மாதிரி நிற்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

ஆபீசில் இருக்கும்போது கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மாரப்பன் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறான். எடுத்தேன்.

"காய்ச்சலுங்க போஸ்ட்டம்மா. டெங்குன்னுட்டாங்க. ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன். எங்க அக்கா வந்து பாத்துகிச்சு. நீங்க போன் போட்டு வெச்சிட்டீங்கன்னு சொன்னாங்க."

அக்கா.

"உடம்பு இப்ப எப்பிடீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

அப்புறம் அவரே சொன்னார். "எனக்கு வூட்ல யாரும் இல்லீங்க. கல்யாணம் ஆச்சு. லாரிக்காரனுக்கு எத்தினி நாளுதான் அவளும் காத்துகினு இருப்பா? வேற ஒருத்தரோட போயி நல்லா இருக்கறா. இருக்கட்டும். தப்பு எம்மேலதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நிலவேம்புக் கஷாயம் குடிக்கச் சொன்னேன். பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னேன். கஞ்சி எப்படி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். வெளியே ஸ்டாம்பு வாங்க வந்த ஆள் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

அக்டோபர் 26, ஞாயிறு

பூத்துவிட்டது!

காலையில் பனி கொட்டிக் கிடந்தது. பல் விளக்கிக்கொண்டே பந்தலடிக்குப் போனால் ஊதா நிறத்தில் ஒரு கொத்து நிமிர்ந்து நிற்கிறது. வாயைக் கொப்பளிக்காமலே ஓடிப் போய்ப் போனை எடுத்தேன். "பூத்துருச்சுங்க! பூத்துருச்சு!"

"அடடா! நான் சொல்லல? பனிக்குத்தாங்க அது காத்துகினு இருந்துச்சு." பிறகு, "கனகமணி, உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்திங்க" என்றார்.

பேரைச் சொன்னார். நானும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கிருபாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவனுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?

நவம்பர் 12, புதன்

காய் இறங்கிவிட்டது. நிஜமாகவே உள்ளங்கை அகலம். முதல் கொத்துகளைப் பறிக்காமல் விதைக்கு விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பொங்கல் ஆகிவிடும். நல்ல நல்ல கொத்தாகப் பார்த்து, பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து அடையாளம் கட்டியிருக்கிறேன். தெரியாமல் கூடப் பறித்துவிடக் கூடாது.

எந்த முகவரிக்கு அனுப்ப, பார்சலாகவா, ரிஜிஸ்டர் தபாலா என்று கேட்டேன்.

"தபால்ல வேணாங்க. பொங்கல் கழிச்சு நானே வந்து வாங்கிக்கிறேன்."

தபால் ஆபீஸ் நடத்துகிறவளிடம் தபால் வேண்டாம் என்கிறார்! சரிங்க என்றேன்.

கிருபாவிடம் பேசினேன். தை முதல் வாரம் முடிகிற வரைக்கும் வீட்டை யாருக்கும் விட வேண்டாம், அவரை விதை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். சிரித்தான். "அவரைக்காயாம்மா உன்னப் புடிச்சு வெச்சிருக்குது? சரி, ஒரு வாரம். அதுக்கு மேல கெடையாது" என்றான்.

ஒரு வாரம் போதும். விதையைக் கொடுத்து, ஒரு வாய்க் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். எப்படியும் வாடகைக்கு விடுகிற வீடுதானே. கோபி டவுனுக்குப் போனபோது இளம்பச்சையில் ஒரு சேலையும் எடுத்தேன். அனு வளைகாப்புக்கு வேண்டாமா?

எழுதி முடித்ததும் தோன்றுகிறது, அதை வளைகாப்புக்குக் கட்ட வேண்டாம். இருக்கட்டும், பொங்கலுக்கு ஆகும்.

நவம்பர் 30, ஞாயிறு

இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்றைக்கு இங்கே நம் வீட்டில் அனுவுக்கு வளைகாப்பு. வீடு கொள்ளாத கூட்டம். எங்கள் வீட்டுக்காரரின் அக்கா பாவாத்தா நங்கை முந்தின நாளே வந்து அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் வாசலில் கோலமும் வளையல் தட்டுமாக இருந்தேன். ஐந்து வகைச் சோறு, வடை, பாயசம். நல்ல நேரம் முடிவதற்குள் வளையல் போட்டாயிற்று. அனு முகத்தில் என்ன களை! நானே திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

இலை போட்டுப் பரிமாறினார்கள். சோற்றுக்குப் பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியல். தேங்காய் தூவி, வாசம் தெருவரைக்கும் போனது. "கனகு, உங்க ஊட்டு அவரைக்கா கண்ணு, என்ன ருசி!" என்று எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குப் பெருமைதான். தாறுமாறாகக் காய்த்துக் கிடக்கிறதே, பறிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கை கழுவப் பொடக்காளிக்குப் போனேன். பந்தலடியில் குப்பையோடு குப்பையாக மஞ்சள் துணிகள் கிடந்தன.

நங்கை பின்னாலேயே வந்தார். "ஏங் கண்ணு, அப்பிடிப் பாக்கற? மஞ்சத்துணி கட்டி உட்டிருந்தியே, சீருக்குன்னு நேந்து உட்டுருக்கறயாக்கும்னு அதத்தான் மொதல்ல பறிச்சேன். கொஞ்சம் முத்தல்தான், நார உரிச்சுப்போட்டு வெதையோட வதக்கிட்டேன்."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக ஞாபகமில்லை. "யாரக் கேட்டுப் பறிச்சீங்க? ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா போயிரும்?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. என்னை விட வயதில் எவ்வளவு பெரியவர். பந்திச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. பாவம் அந்த மனுஷி, நல்லது நினைத்துச் செய்தவர், முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கிருபா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனான். "என்னம்மா இது, ஒரு அவரைக்காய்க்கா இத்தன ஆர்ப்பாட்டம்? கொடி இருக்குதுல்ல, மறுபடி காய்க்கும்."

"காய்ச்சு முத்த மாசிக் கடைசி ஆகும். அப்ப நான் இங்க இருக்க மாட்டேன்."

"இல்லாட்டி என்ன? யாரையாவது எடுத்து அனுப்பச் சொல்லலாம்."

"அவரு வர்றேன்னு சொல்லியிருக்கறாரு."

"எவரு?"

சொன்னேன். பேரும் ஊரும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் போன் யாருடையது என்றும் சொன்னேன். அவன் முகம் மாறியது. "யாரும்மா அந்த ஆளு உனக்கு?"

எத்தனை மாசமாக இந்த நோட்டில் கூட நான் எழுதவில்லை. ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எனக்கு வேண்டியவரு."

அவன் வெளியே போய்விட்டான். கதவோரத்தில் அனு நின்றிருந்தாள். கை நிறைய வளையல். "அத்தை, நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு, வயிற்றுப் பிள்ளை சாப்பிட்டதுக்கு யாராவது அழுவாங்களா என்று சொல்லி நானும் அழுதேன். அப்புறம் நங்கை காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். "போ புள்ள, உனக்குக் கிறுக்கு" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் காரில் ஏறும்முன் கிருபா பந்தலடிக்கு வந்தான்.

"ஊரு என்னம்மா பேசும்?"

"பேசட்டும். இந்த ஊருல யாரு என்ன பேசறாங்கன்னு தபாலாபீஸுக்குத்தான் மொதல்ல வரும். எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல."

"வேடிக்க பேசற நேரமா இது?"

"இல்ல சாமி. கேட்டுக்க. பிரசவத்துக்கு வர்றேன். குழந்த குளிப்பாட்டறேன், அனுவுக்குப் பத்தியம் பாக்கறேன். லீவு எவ்வளவு குடுக்கறாங்களோ அவ்வளவும் உங்களுக்குத்தான். வேலைய எழுதிக் குடுக்க மாட்டேன். ஊட்டையும் விட மாட்டேன். அந்த அரிசி ஆலைக்காரங்ககிட்டச் சொல்லிரு."

"அந்த ஆளுக்காகவா?"

"அவரு நாளைக்கே வரமாட்டேன்னு சொன்னாலும் இதே பதிலுதான்."

அவன் கார் சாவியை எடுத்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாத்திரை போடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

டிசம்பர் 2, செவ்வாய்

அவருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். விதை இல்லை என்று சொன்னால், சரிங்க, மாசியில் காய்ந்ததும் தபாலில் அனுப்புங்கள் என்பார். நான் அனுப்புவேன். அதோடு முடிந்தது. அவர் கூடையும் அவர் காடும், என் முத்திரையும் என் ஞாயிற்றுக்கிழமையும்.

கணக்கை இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன். மாரப்பன்தான் கண்டுபிடித்தான். கேலி கூடச் செய்யவில்லை. டீ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 4, வியாழன்

சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு அங்கேயே படியில் நின்று போன் போட்டேன். வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும்.

நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் துணியை, பொரியலை, நங்கையை. நான் கத்தினதைக் கூடச் சொன்னேன். ஏன் கத்தினேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வளகாப்புக்குத்தான போச்சு, நல்ல எடத்துக்குத்தாங்க போயிருக்குது. கவலப்படாதீங்க. கொடி மாசி வரைக்கும் காய்க்கும். அப்பால காஞ்சதும் நிதானமா எடுத்துத் தபால்ல..."

"தபால்ல அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"சரிங்க. அப்ப மாசில நானே வந்து..."

"மாசிலயும் வேண்டாம்."

ரோட்டில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"குடுக்கறதுக்கு என்கிட்ட வெதை இல்லீங்க. எதுவும் இல்ல. சும்மாதான் வாங்க."

அவர் சொன்னார்.

"வெத காயறதுக்குத்தாங்க பொங்கல் கழிச்சுன்னு சொன்னேன். சும்மா வர்றதுக்கு எதுக்குங்க பொங்கல் வரைக்கும்? ஞாயித்துக்கெழம காலைல கெளம்பட்டுமா?"

சரிங்க என்று சொல்ல வாய் வரவில்லை. ம் என்றேன்.